எஞ்சின் மூச்சு விடும் வாசல்

(மாலை வகுப்பு ஒன்றில் மெக்கானிக் ஒருவர் பேசியது)

 

நான் ஒரு மெக்கானிக். பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. இதே போல ஒரு மாலை வகுப்பில்தான் நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்போது எனக்கு 21 வயது. ஏன் அந்த வயதில் வகுப்புக்கு வந்தேன்? அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று பட்டறை வேலை ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பந்தய வண்டிகளுக்குச் செய்கிற வேலை அது.

நம் நாட்டில் மோட்டார் பந்தயம் பல காலமாக நடக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் இருக்கிறது. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அதில்தான் முன்பு பந்தயம் நடந்தது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. கோவையில் 2003இல் ஒரு தடம் வந்தது. அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் நினைவாக வைத்த பெயர் அது. அவர் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களைக் கட்டியவர். 2011இல் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பெரிய தடம் வந்தது.

பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவரை எல்லோரும் பார்க்கிறோம். கை தட்டுகிறோம். அந்த வண்டிக்குப் பின்னால் பட்டறையில் பல கைகள் வேலை செய்கின்றன. அந்தக் கைகள் செய்கிற ஒரு வேலையைப் பார்க்கலாம்.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

நாம் மூச்சை உள்ளே இழுக்கிறோம். பிறகு வெளியே விடுகிறோம். எஞ்சினும் அப்படித்தான் செய்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கும். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை அமுக்கும். பிளக்கில் பொறி பறக்கும். கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடியும் பிஸ்டன் மேலே ஏறும். புகையை வெளியே தள்ளும். இப்படி நான்கு வேலைகள். ஆகவேதான் இதை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்கிறோம்.

எஞ்சினின் தலைப் பகுதிக்கு ஹெட் என்று பெயர். ஹெட்டில் இரண்டு வகை வாசல்கள் உண்டு. ஒன்று, காற்று உள்ளே வரும் வாசல். மற்றொன்று, புகை வெளியே போகும் வாசல். பட்டறையில் இவற்றைப் போர்ட் என்று சொல்வோம்.

உள் வாசலோடு ஒரு குழாயைச் சேர்த்து முடுக்குவார்கள். அது மேனிஃபோல்டு. வெளி வாசலிலும் ஒரு குழாய் உண்டு. அது சைலன்சருக்குப் போகும். பைக்கில் அதைப் பெண்டு பைப் என்கிறோம். பந்தயக் காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் வைத்துக் கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதற்கு ஹெடர் என்று பெயர்.

ஹெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பேக்கிங் இருக்கும். கேஸ்கட் என்றும் சொல்வார்கள். காற்றோ புகையோ கசியாமல் அது காக்கும்.

ஒரு வினாடிக்கு ஒரு குடம்

எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும்? ஒரு கணக்குப் போடுவோம்.

மாருதி 800 எஞ்சினின் அளவு 796 சிசி. அதில் 3 சிலிண்டர்கள். 796ஐ 3ஆல் வகுத்தால் ஏறக்குறைய 265. ஒரு சிலிண்டர் ஒரு தடவைக்கு 265 சிசி இழுக்கலாம். ஏறக்குறைய ஒரு தம்ளர்.

எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 100 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு. அப்படியானால் வினாடிக்கு 50 மூச்சு. 265ஐ 50ஆல் பெருக்குங்கள். 13,250 வருகிறது. அதாவது 13 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

நாம் தண்ணீர் எடுக்கிற குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடிக்குள் ஒரு குடம் காற்று அந்தச் சின்ன வாசல் வழியே நுழைய வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற நேரம் ஒரு வினாடியில் 200இல் ஒரு பங்குதான். கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை.

இவ்வளவு வேகமாகப் போகிற காற்றுக்கு வழியில் தடை இருக்கலாமா?

வாசலில் ஒரு படி

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் இங்கே இருப்பீர்கள். மடை வாயில் ஒரு கல் கிடந்தால் என்ன ஆகும்? தண்ணீர் கல்லில் மோதும். சுழலும். கல்லுக்குப் பின்னால் வேகம் குறையும். வாய்க்கால் அகலமாக இருந்தும் பயிருக்குப் போகிற தண்ணீர் குறையும்.

எஞ்சினிலும் இதே கதைதான். ஹெட்டை ஓர் அச்சில் வார்க்கிறார்கள். மேனிஃபோல்டை வேறோர் அச்சில் வார்க்கிறார்கள். இரண்டு வாசல்களும் எப்போதும் அச்சாகப் பொருந்துவது இல்லை. ஒன்று கொஞ்சம் பெரியதாக இருக்கும். அல்லது ஒரு பக்கம் தள்ளி இருக்கும். போல்ட் ஓட்டையும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரியது. ஆகவே முடுக்கும்போதும் குழாய் சற்று நகரும். உள்ளே ஒரு படி உண்டாகிவிடும். அந்த விளிம்பில் காற்று மோதும்.

மேனிஃபோல்டு வாசலின் விட்டம் 26 மில்லி மீட்டர். ஹெட் வாசலின் விட்டம் 24 மில்லி மீட்டர். சுற்றிலும் ஒரு மில்லி மீட்டர் படி. இது ஒரு பெரிய குறையா?

26ஐ 26ஆல் பெருக்கினால் 676. 24ஐ 24ஆல் பெருக்கினால் 576. வித்தியாசம் 100. அதாவது வந்த வழியில் ஏழில் ஒரு பங்கை அந்த விளிம்பு மறைத்து நிற்கிறது! சுற்றிலும் ஒரு மில்லி மீட்டர்தான். ஆனால் வட்டத்தில் அது எவ்வளவு பெரிய இடம், பாருங்கள்.

இரண்டு வாசல்களையும் தேய்த்துப் பொருத்துவதற்குப் போர்ட் மேட்சிங் என்று பெயர். இதனால் சாதாரண வண்டி பறக்காது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஞ்சின் மிக வேகமாகச் சுற்றும்போதுதான் பலன் தெரியும். அதுவும் கொஞ்சம்தான். ஆனால் பந்தயத்தில் அந்தக் கொஞ்சமே முன்னால் போகிறவரையும் பின்னால் வருகிறவரையும் பிரிக்கும்.

ஒரே ஒரு விதி

எதைத் தேய்ப்பது? எதை விடுவது? ஒரு விதியை மனத்தில் வையுங்கள். போகிற வழியில் அடுத்து வரும் வாசல் சிறியதாக இருக்கக் கூடாது.

உள்ளே வரும் காற்று முதலில் மேனிஃபோல்டில் வரும். பிறகு ஹெட்டில் நுழையும். ஆகவே ஹெட் வாசல் மேனிஃபோல்டைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

வெளியே போகும் புகை முதலில் ஹெட்டில் வரும். பிறகு ஹெடர் குழாயில் நுழையும். ஆகவே ஹெடர் வாசல் ஹெட்டைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. கொஞ்சம் பெரியதாக இருந்தால் நல்லதுதான். புகை சில நேரம் திரும்பி உள்ளே வரப் பார்க்கும். அப்போது அந்தப் படி அதைத் தடுக்கும். போகிற புகைக்குப் படி தெரியாது. திரும்பி வருகிற புகைக்குத்தான் தெரியும்.

ஹெடர் குழாயின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் திட்டுத் திட்டாக இருந்தால் அதையும் தேய்க்க வேண்டும்.

எப்படிச் செய்வது?

முதலில் ஹெட்டையும் மேனிஃபோல்டையும் நன்றாகக் கழுவ வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அடுத்து, குழாய் நகராமல் இருக்க டவல் பின் என்கிற சிறு ஆணிகளைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டினாலும் அது அதே இடத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் செய்த வேலை வீண்.

பிறகு அளக்க வேண்டும். வெர்னியரால் ஹெட் வாசலை அளக்க வேண்டும். மேனிஃபோல்டு வாசலை அளக்க வேண்டும். பேக்கிங்கின் ஓட்டையையும் அளக்க வேண்டும். மூன்றையும் தாளில் எழுத வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

பிறகு ஹெட்டின் முகத்தில் நீலச் சாயம் பூச வேண்டும். சாயம் காய்ந்ததும் வெட்ட வேண்டிய அளவைக் கூர்மையான ஊசியால் கீற வேண்டும். நீலத்தின் மேல் வெள்ளிக் கோடு தெரியும். அதுதான் எல்லை. அதைத் தாண்டக் கூடாது.

கை கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். வாயை மட்டும் அகலமாக்கி நிறுத்தினால் உள்ளே வேறொரு படி வந்துவிடும். இரண்டு மூன்று சென்டி மீட்டர் உள்ளே வரை சாய்வாக இழைத்துவிட வேண்டும். வால்வு உட்காரும் இடத்தைத் தொடவே கூடாது. கடைசியில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

புகை வாசல் வழவழப்பாக இருக்கலாம். கரி எளிதில் ஒட்டாது. காற்று வாசலைக் கண்ணாடி போல ஆக்க வேண்டாம். பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்து ஓடும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் அவை காற்றோடு கலக்கும்.

வேலை முடிந்ததும் மறுபடி நன்றாகக் கழுவ வேண்டும். ஓர் அலுமினியப் பிசிறு உள்ளே தங்கினால் போதும். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்துவிடும். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கு ஏற்பக் கூட வேண்டும். அதையும் சரிபார்க்க வேண்டும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் மிகவும் சூடாகும். பிஸ்டனே உருகிவிடலாம்.

வேலை செய்கிறவர் கண்ணாடி அணிய வேண்டும். மூக்கை மூட வேண்டும். அலுமினியத் தூள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல்.

பேக்கிங் சொல்கிற பொய்

இந்த வேலையில் பலர் செய்கிற தவறு ஒன்று உண்டு. பேக்கிங்கை ஹெட்டின் மேல் வைப்பார்கள். அதன் ஓட்டையைச் சுற்றிக் கோடு போடுவார்கள். அந்தக் கோடு வரை தேய்த்துவிடுவார்கள்.

பேக்கிங் ஓட்டை பல நேரங்களில் வாசலைவிடப் பெரியதாகவே இருக்கும். வாசலுக்குள் துருத்தி நிற்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்த அளவுக்கு வெட்டினால் என்ன ஆகும்? வாசலில் மட்டும் குழாய் வீங்கிப் போகும். காற்று அங்கே வந்து வேகம் குறையும். பிறகு மறுபடியும் குறுகிய வழியில் நுழையும்.

அடுப்பு ஊதும் ஊதுகுழலை நினைத்துப் பாருங்கள். குழல் சிறியது. ஆகவே காற்று வேகமாகப் போய் நெருப்பில் படுகிறது. அகலமான மூங்கிலில் ஊதினால் அந்த வேகம் வருமா? பெரிய வாசல் எல்லாம் நல்ல வாசல் இல்லை.

இன்னும் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தண்ணீரால் குளிரும் எஞ்சினில், வாசல் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது. அந்தச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. வார்க்கும்போது அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் மெல்லியதாகிவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

ஒரு தாளும் நானும்

இப்போது என் கதையைச் சொல்கிறேன்.

1991ஆம் ஆண்டு. எனக்கு 20 வயது. கோவையில் ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்தேன். எண்கள் எனக்குத் தெரியும். 10, 12, 14 என்று ஸ்பேனரைப் பார்த்து எடுத்துப் பழகியவன். எழுத்து மட்டும் தெரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்கு ஒரு கார் தயாராகிக்கொண்டிருந்தது. ஓட்டப் போகிறவர் ஓர் இளைஞர். ஒரு வருடமாகப் பணம் சேர்த்து அந்த எஞ்சினைத் தயார் செய்தார். முதலாளி அன்று வெளியூர் போக வேண்டியிருந்தது. அவர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார்.

"எல்லாம் இதுல எழுதியிருக்கேன். பார்த்துச் செய்டா தம்பி" என்றார்.

"சரிங்ண்ணா" என்றேன்.

தாளைப் பார்த்தேன். முதலில் 28 என்று இருந்தது. பிறகு 26 என்று இருந்தது. நடுவில் இருந்தவை எனக்கு வெறும் கோடுகள். பேக்கிங்கை அளந்தேன். 28 இருந்தது. ஆகா, சரியாக இருக்கிறதே என்று நினைத்தேன். பக்கத்தில் லேத் ஓட்டும் அண்ணன் இருந்தார். அவரிடம் தாளைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஹெட் வாசலை 28 வரை தேய்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் எஞ்சினைச் சேர்த்தோம். தண்ணீர் ஊற்றினோம். ஸ்டார்ட் செய்தோம். சைலன்சரில் இருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி வந்தது. தண்ணீர் குறைந்துகொண்டே போனது. முதலாளி எஞ்சினை நிறுத்தினார். ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வாசல் சுவரில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை.

"தாள்ல என்ன எழுதியிருந்தேன்?" என்று கேட்டார்.

நான் பேசவில்லை. மறுபடியும் கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்ண்ணா" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. திட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றார். அவ்வளவுதான்.

வேறு ஹெட் கிடைக்கவில்லை. பந்தயத்துக்கு மூன்றே நாள் இருந்தது. அந்தக் கார் போகவில்லை. அந்த இளைஞர் பட்டறை வாசலில் நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. என் சம்பளத்தில் ஐந்து மாதம் பணம் பிடித்தார்கள். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் முகம்தான் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அதை எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதுதான் எழுதியிருந்தது:

"பேக்கிங் ஓட்டை 28. அந்த அளவுக்கு வெட்டாதே. ஹெட்டை 26 வரை தேய்த்தால் போதும்."

ஒன்பது சொற்கள். இரண்டு எண்கள். எண்களை மட்டும் படித்தேன். சொற்களை விட்டுவிட்டேன். 'வெட்டு' என்பதும் 'வெட்டாதே' என்பதும் ஒன்றா? அந்தச் சொல்லைப் படித்த அன்று அழுதுவிட்டேன்.

படித்த பிறகு

நண்பர்களே! இரும்பையோ அலுமினியத்தையோ வெட்டி எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட வைப்பது கடினம். ஆகவே அளந்த பிறகுதான் வெட்ட வேண்டும். படித்த பிறகுதான் அளக்க வேண்டும்.

பந்தயத்துக்கு விதிப் புத்தகம் உண்டு. சில பிரிவுகளில் வாசலைத் தேய்க்கவே அனுமதி இல்லை. பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். தேய்த்திருந்தால் வென்ற பரிசும் போகும். ஆகவே முதலில் விதியைப் படிக்க வேண்டும். தெருவில் ஓடும் வண்டிக்கும் சட்டம் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை இஷ்டம் போல மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக நாம் எதையும் செய்துவிடக் கூடாது.

இன்று என் பட்டறையில் மூன்று தம்பிகள் வேலை செய்கிறார்கள். வேலைத் தாளை அவர்கள் கையில் கொடுத்ததும் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். ஒரு தம்பிக்கு எழுத்து சரியாக வராது. அவனை நான் கேலி செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து படிப்பேன். அதன் பிறகுதான் கிரைண்டர் சுற்றும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஒரு வார்த்தை கேட்க ஒரு நிமிடம் போதும்.



பேசிப் பார்ப்போம், கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1. மேனிஃபோல்டு வாசல் 30 மில்லி மீட்டர். ஹெட் வாசல் 28 மில்லி மீட்டர். எதைத் தேய்க்க வேண்டும்? ஏன்?

2. 30ஐ 30ஆல் பெருக்குங்கள். 28ஐ 28ஆல் பெருக்குங்கள். வித்தியாசம் எவ்வளவு?

3. ஹெடர் வாசல் ஹெட் வாசலைவிடக் கொஞ்சம் பெரியது. இது குறையா?

4. உங்கள் வேலையில் எழுதிய தாளைப் படிக்காமல் நேர்ந்த தவறு ஏதாவது உண்டா? வகுப்பில் சொல்லுங்கள்.